காயடித்த பிறகும் காளை முட்டுவது ஏன்?

போன மாதம் நம் வட்டாரக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, விருத்தாசலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: "சார், வீட்டுல நாலு வயசுக் காளை ஒண்ணு நிக்குது. அம்மாவால பக்கத்துலயே போக முடியல. காயடிச்சா அடங்கிடுமா? இல்ல வித்துடலாமா?"

நான் வலது பக்க விலாவைத் தொட்டுக் காட்டினேன். "அடங்கும் தம்பி. ஆனா நீ நினைக்கிற அன்னிக்கு அடங்காது. அது தெரியாமத்தான் இங்க ரெண்டு எலும்பு விரிசல் விட்டுச்சு" என்றேன்.

நின்றபடியே பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. இயற்கை விவசாயத்துக்கு வருகிற பலரும் நாட்டு மாடு வாங்குகிறோம். கன்று ஆணாகப் பிறந்துவிட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிடுகிறோம். அதற்குள் அது முழுக் காளை ஆகிவிடுகிறது. கடைசியில் தரகரிடம் போகிறது. அங்கிருந்து எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எனக்குத் தெரிந்ததை விவரமாக எழுதுகிறேன்.

செவலை வந்த கதை

வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். நெய்வேலி நகரியத்துக்கு வெளியே கொஞ்சம் செம்மண் நிலம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் நம் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததே, அதற்கு அடுத்த வருடம் வாங்கியது. ஓய்வு பெற்ற பிறகுதான் முழு நேரமாக இறங்கினேன். முந்திரிக் கன்றுகளுக்கு இடையில் டிராக்டர் திரும்ப இடமில்லை. ஏர் மாடுதான் சரிப்படும் என்று ஒரு மயிலை எருதை வாங்கினேன். ஜோடி கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில் நகரியத்துக் குடியிருப்பில் ஒரு குடும்பம் செவலைக் காளை ஒன்றை இலவசமாகவே தருவதாகச் சொன்னார்கள். தாய்ப்பசு செத்துப்போய், புட்டிப்பாலில் வளர்ந்த கன்று அது. பிள்ளைகள் அதன் நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாடுவார்களாம், அதுவும் திருப்பித் தள்ளுமாம். கன்றாக இருந்தவரை எல்லோரும் சிரித்தார்கள். நான் பார்க்கும்போது ஆறு பல் போட்டிருந்தது. திமில் என் மார்புக்கு மேலே நின்றது. தெருவில் போகிற சைக்கிளை மறிக்கும், மண்ணைக் குத்திக் கிளறும். குடியிருப்பில் வைத்திருக்க முடியாத நிலை. இலவசமாகத் தந்ததன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காயடித்த பிறகு ஒரு காளை எப்படி நடந்துகொள்ளும் என்பதில் பாதி, அதை யார் எப்படி வளர்த்தார்கள் என்பதில் இருக்கிறது. மாட்டுக் கூட்டத்தோடு வளர்ந்த காளை தன் பலத்தை மாடுகளிடம் காட்டும். தனியாக மனிதர் கையில் வளர்ந்த காளை மனிதரையே தன் இனமாக நினைத்து, நம்மிடம் போட்டிக்கு வரும். அமெரிக்காவில் கன்றுகளைத் தனியாக அடைத்துக் கையால் பால் கொடுத்து வளர்த்தும், கூட்டமாக விட்டு வளர்த்தும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தனியாக வளர்ந்தவைதான் மனிதரை அதிகம் எதிர்த்தன. செல்லமாக வளர்த்தது சாதுவாக இருக்கும் என்ற நம் நினைப்புக்கு இது நேர் எதிர்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

காளைக்கு வேகத்தையும் ஆசையையும் கொடுப்பது டெஸ்டோஸ்டீரான் என்னும் ஆண் சுரப்பு. பெரும்பகுதி விதைகளில்தான் சுரக்கிறது. தடித்த கழுத்து, உயர்ந்த திமில், முரட்டுக் குரல், பசுவைத் தேடி வேலி தாண்டுவது, இன்னொரு காளையைக் கண்டால் பக்கவாட்டில் திரும்பி நின்று உடம்பைப் பெரிதாகக் காட்டுவது எல்லாம் அதன் வேலை.

விதையை நீக்கினால், அல்லது விதைக்குப் போகிற நாணை நசுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்தினால், இரத்தத்தில் அந்தச் சுரப்பு ஓரிரு நாளிலேயே அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ஆனால் மாட்டின் நடத்தை ஓரிரு நாளில் மாறாது. இதைத்தான் நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை.

எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், சுரப்பு என்பது நடப்புக் கணக்கு மாதிரி. வரவு நின்றதும் இருப்பு காலியாகிவிடும். பழக்கம் என்பது நிரந்தர வைப்பு. நாலு வருடமாகப் போட்டு வைத்ததை மூளை வைத்துக்கொண்டே இருக்கும். 'முட்டினால் ஆள் விலகுவான்' என்று ஒரு காளை நூறு தடவை பார்த்திருந்தால், அந்தப் பாடம் விதையோடு போகாது. அது இருப்பது தலையில்.

சுரப்பால் வருவது, பழக்கத்தால் வருவது, பயத்தாலோ வலியாலோ வருவது என்று முரட்டுத்தனம் மூன்று வகை. காயடிப்பு முதல் வகையைத்தான் நேரடியாகத் தொடும். இரண்டாவதை நாம்தான் மாற்ற வேண்டும். மூன்றாவது, காயடித்த கையோடு கொஞ்ச நாள் கூடவே செய்யும்.

குதிரைகள் சொல்லும் கணக்கு

இந்த விஷயத்தை நன்றாக ஆராய்ந்திருப்பது குதிரைகளில்தான். நம் ஊரில் குதிரை அபூர்வம். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடுகிற சந்தைக்குப் போனால் நிறையப் பார்க்கலாம். ஆண் குதிரையையும் காயடித்த குதிரையையும் அருகருகே கண்டால் வித்தியாசம் தெரியும்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்தவர்கள் 1985இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு வயதுக்குள் காயடித்த குதிரைகளையும், மூன்று வயது தாண்டிக் காயடித்தவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். சின்னதிலேயே காயடித்தவற்றிலும் 20 முதல் 30 விழுக்காடு குதிரைகள் பெட்டைக் குதிரையைக் கண்டால் ஆண் குதிரை போலவே நடந்துகொண்டன. வளர்ந்த பிறகு முரட்டுத்தனத்துக்காகக் காயடித்தவற்றில் 60 முதல் 70 விழுக்காடு குதிரைகளில் குணம் தணிந்தது. மீதியில் பெரிய மாற்றம் இல்லை.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடம். வயது ஏறிவிட்டதே என்று கைவிட வேண்டாம், மூன்றில் இரண்டு பங்குக்கு வாய்ப்பு இருக்கிறது. அதே சமயம் மூன்றில் ஒன்று மாறாமலும் போகலாம். மாடு குதிரை இல்லை, கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் உடம்பு வேலை செய்கிற விதம் ஒன்றுதான்.

18ஆம் நாள்

தை மாதத்தில் செவலைக்குக் காயடித்தோம். கால்நடை மருத்துவர் மரத்துப்போகிற ஊசி போட்டு, பர்டிசோ இடுக்கியால் செய்தார். முதல் மூன்று நாள் வீக்கம். பின்னங்காலை அகட்டி நடந்தது, தீவனம் பாதிதான் எடுத்தது. பத்தாம் நாள் வீக்கம் வடிந்தது. ஆள் அமைதியாகத் தெரிந்தது. நான் பூரித்துப்போனேன். 'மாடு எருதாயிடுச்சு' என்று வீட்டில் சொன்னேன்.

18ஆம் நாள் காலையில் வைக்கோல் போடப் போனவன் குனிந்து, முதுகைக் காட்டி நின்றேன். நெற்றியால் சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டது. கொம்பால் குத்தவில்லை, அதனால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மயிலைக்குத் தண்ணீர் காட்ட வந்த பக்கத்து ஊர் ஏர்க்காரப் பெரியவர்தான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்து என்னை விடுவித்தார்.

அன்று சாயங்காலமே தரகர் வந்துவிட்டார். 38,000 ரூபாய் என்றார். வெளியூரில் இருக்கும் மகன் போனில், "அப்பா, இன்னிக்கே அனுப்பிடுங்க" என்றான். மனைவி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் அவளும் அதையே சொல்கிறாள் என்று அர்த்தம். நானும் பாதி மனதாகத் தலையாட்டிவிட்டேன்.

பெரியவர்தான் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "சார், மாடு மேல தப்பு இல்ல. நீங்க காயடிச்சீங்க, ஆனா அதுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. நேத்து வரைக்கும் முட்டுனா ஆளு நகந்தான். இன்னிக்கும் நகருவான்னு பாக்குது. ஆறு மாசம் குடுங்க. அதுக்கு அப்புறமும் முட்டுச்சுன்னா நானே சந்தைக்கு ஓட்டிட்டுப் போறேன்."

அந்த ஆறு மாதத்தைக் கொடுத்தோம்.

மாதவாரியாக நான் கண்டது

முதல் இரண்டு வாரம்: வலி. இந்த நேரத்தில் குணம் மேலும் கெடும். அமைதியாகத் தெரிந்தால் அது சோர்வு. மாறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. நான் ஏமாந்தது இங்கேதான்.

மூன்றாவது வாரம் முதல் இரண்டாம் மாத முடிவு வரை: வலி போய்ப் பழைய பழக்கம் திரும்பும் காலம். ஆபத்து அதிகம் இப்போதுதான். மண் கிளறுவதும் உறுமுவதும் தொடர்ந்தன. ஆனால் ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் நின்றன. முன்பு அரை மணி நேரம் செய்ததை ஐந்து நிமிடத்தில் விட்டது.

மூன்று, நான்காம் மாதம்: பருவத்துக்கு வந்த பசு பக்கத்துக் கொல்லையில் கத்தினால் முன்பு தறியை அசைக்கும். இப்போது காதை மட்டும் திருப்பியது. தீவனத்தில் கவனம் வந்தது. மயிலையோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தது.

ஐந்து, ஆறாம் மாதம்: திமில் கொஞ்சம் இறங்கியது. நுகத்தடியை எதிர்க்காமல் கழுத்தைக் கொடுத்தது. ஆனால் அகன்ற மார்பும் கழுத்தும் அப்படியே இருந்தன. வளர்ந்த பிறகு காயடிப்பதில் இருக்கிற ஒரே லாபம் இதுதான். கன்றிலேயே காயடித்தால் கால் எலும்பு நீண்டு உயரமாகும், மார்புக்கட்டு குறையும். நம் முன்னோர் ஏர் மாட்டை இரண்டு மூன்று வயதில் காயடித்தது உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்றுதான். பழக்கம் வேரூன்றுவதற்கு முன் செய்துவிடுவதால், நாலு வயதில் நான் பட்ட பாடும் இல்லை.

காயடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கிராமத்தில் கல்லாலும் கட்டையாலும் விதையை நசுக்கிய காலம் ஒன்று இருந்தது. அது சித்திரவதை. அதை இனி யாரும் செய்யக் கூடாது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் காயடிப்பதை அனுமதிக்கிறது என்றாலும், விதித்த முறைப்படி செய்ய வேண்டும் என்கிறது. அந்த முறைகளை 2023இல் மத்திய அரசு தனி விதிகளாகவே வெளியிட்டது. கால்நடை மருத்துவர் வேண்டும், மரத்துப்போக மருந்து கொடுக்க வேண்டும்.

இரண்டு விதையும் பையில் இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டால், வெளியே இருப்பதை மட்டும் நீக்கிப் பயனில்லை. உள்ளே இருப்பது சுரந்துகொண்டே இருக்கும். 'காயடிச்சும் அடங்கல' என்று சொல்லும் மாடுகளில் சில இப்படிப்பட்டவை.

பர்டிசோ இடுக்கி இத்தாலியிலிருந்து வந்தது. தோலை வெட்டாமல் உள்ளிருக்கும் நாணை மட்டும் நசுக்கும். இரத்தம் வராது, ஈ மொய்க்காது. ஆனால் வளர்ந்த காளையின் நாண் தடிமனானது. சரியாகப் பிடிபடாமல் நழுவினால் ஒரு பக்கம் பிழைத்துக்கொள்ளும். அதனால் பெரிய காளைக்கு மருத்துவர் அறுவை சிகிச்சையைச் சொன்னால் தயங்க வேண்டாம். இடுக்கியால் செய்திருந்தால் ஆறு வாரம் கழித்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு விதையும் சுருங்கியிருக்க வேண்டும். ஒன்று பருத்தே இருந்தால் வேலை முடியவில்லை.

மழைக்காலமும் ஈக்காலமும் வேண்டாம், தை மாசி நல்லது. ரணஜன்னி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வலிக்கு ஊசி கேளுங்கள், மெலாக்சிகாம் கொடுப்பார்கள். நாம் இயற்கை விவசாயிகள், ஊசி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வலியில் நிற்கும் மாட்டை வேடிக்கை பார்ப்பது இயற்கை விவசாயம் இல்லை. ஆனால் டைக்ளோஃபினாக் வேண்டவே வேண்டாம். அது ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததால், கால்நடைகளுக்கு அதை 2006லேயே தடை செய்துவிட்டார்கள்.

காயடித்த மாட்டை இரண்டு மாதம் பசுக்களோடு விடாதீர்கள். குழாயில் தங்கிய விந்து கொஞ்ச நாள் இருக்கும். காயடித்த கையோடு ஏறிய காளையால் பசு சினையான செய்தியைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு செய்ய வேண்டியவை

பெரியவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

நெற்றியைத் தொடக் கூடாது. தள்ளி விளையாடிய இடம் அதுதான், தொட்டாலே பழசு நினைவுக்கு வரும். தடவ வேண்டுமானால் கழுத்தடியிலும் தாடைக்குக் கீழேயும் தடவுங்கள்.

ஆறு மாதத்துக்கு முதுகைக் காட்டாதீர்கள். கட்டுத்தறிக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நிற்கிற மாதிரி இடமே வைக்காதீர்கள். நான் மறுவாரமே தீவனத் தொட்டியை வெளிப்பக்கம் மாற்றினேன். உள்ளே போகாமலே வைக்கோல் போடலாம்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், கயிற்றோடு அரை மணி நேரம் நடத்திக்கொண்டு போகட்டும். நின்றால் அடிக்கக் கூடாது. முட்ட வந்தால் ஓடவும் கூடாது. கயிற்றைத் தூக்கிப் பிடித்துத் தலையைத் திருப்பி, நடத்திக்கொண்டே போக வேண்டும். முட்டினால் ஆள் விலகுவான் என்ற பழைய பாடத்துக்குப் பதில், முட்டினாலும் ஒன்றும் நடக்காது என்ற பாடம். முரட்டுக் காளையோடு இதைப் பழகாதவர் தனியாகச் செய்ய வேண்டாம். அனுபவம் உள்ள ஒருவர் கூட இருக்கட்டும்.

சாதுவான பழைய எருதோடு பக்கத்தில் கட்டுங்கள். முதல் மாதம் இடையில் தடுப்பு இருக்கட்டும். செவலைக்கு என்னைவிட நல்ல வாத்தியார் மயிலைதான்.

புண்ணாக்கையும் தவிட்டையும் குறையுங்கள். காயடித்த மாடு சீக்கிரம் கொழுக்கும். வேலை இல்லாமல் கொழுத்துத் தறியிலேயே நிற்கிற மாடு சாதுவாகாது.

எல்லாக் காளையையும் காயடிக்கலாமா?

கூடாது. அசோகர் தன் தூண் கல்வெட்டு ஒன்றில் சில திதிகளிலும் நாள்களிலும் காளைகளுக்குக் காயடிக்கக் கூடாது என்று தடை போட்டார். நாம் நாள் பார்ப்பதைவிட மாட்டைப் பார்க்க வேண்டும். உம்பளாச்சேரியோ காங்கேயமோ, நல்ல இனக் காளை ஒன்று கையில் இருந்தால், அது பொலிகாளைக்குத் தேறுமா என்று முதலில் யோசியுங்கள். கோயில் காளை என்று ஊருக்கு ஒன்று விட்டு வைத்த காலம் போய்விட்டது. 2017இல் ஜல்லிக்கட்டுக்காக ஊரே திரண்டபோது நாம் பேசியதும் இதைத்தான்: காயடிக்காத நாட்டுக் காளை ஊரில் மிச்சம் இருக்க வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் உம்பளாச்சேரி மாட்டுக்கென்றே அரசுப் பண்ணை நடக்கிறது. நம் பங்குக்கு, பத்துப் பேர் சேர்ந்து ஒரு பொலிகாளையைப் பராமரிக்கலாம்.

ஆனால் மனிதரை முட்டிப் பழகிய காளையைப் பொலிகாளையாக வைக்காதீர்கள். அதைக் காயடித்து ஏருக்குப் பழக்குவதுதான் மாட்டுக்கும் நமக்கும் நல்லது.

இன்று செவலை

ஆறாம் மாதக் கடைசியில், ஆடிப்பட்டத்துக்கு முன் கோடை மழை ஈரத்தில், மயிலையும் செவலையும் சேர்ந்து முந்திரிக்கு நடுவே முதல் சால் ஓட்டின. கலப்பை பிடித்தது பெரியவர். நான் பின்னாலேயே நடந்தேன்.

செவலை முழுசாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றும் பசு மூத்திரத்தை மோந்தால் மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்க்கும். புது ஆள் வேகமாக வந்தால் தலையைத் தாழ்த்தும். என் மனைவி தவிடு வைக்கும்போது மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். நான் அதன் நெற்றியை இன்னும் தொடுவதில்லை.

விருத்தாசலம் தம்பியிடம் நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: "காயடிக்க ஒரு நாள் போதும். எருதாக்க ஆறு மாசம் ஆகும். அந்த ஆறு மாசத்த உன்னால குடுக்க முடியும்னா விக்காத. முடியாதுன்னா, ஏர் ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட குடு. தரகர்கிட்ட குடுக்காத." அவர் காளையை மாசியில் காயடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். தீவனத் தொட்டியை இப்போதே வெளிப்பக்கம் மாற்றிவிட்டாராம்.